இருமுறை மூப்படைவோர்

உலகத்தார் எல்லாரும் ஒருமுறை கிழவராகிறார்கள். படைவீரன் மட்டும் இருமுறை கிழவனாகிறான். பதினெட்டு பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பதினைந்து பதினேழு ஆண்டு சேவை முடித்து, தலையில் ஒரு மயிர் நரைப்பதற்கு முன்னாலேயே ‘ஓய்வு பெற்றவர்’ என்ற முத்திரையோடு வீடு திரும்பும் சிப்பாய்க்கு அது சர்க்கார் உத்தரவினால் வந்த முதல் மூப்பு. அதற்குப்பின் இன்னொரு நாற்பது ஆண்டு கழிந்து, முழங்காலும் காதும் கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாய் விடைபெறத் தொடங்கும்போது வருவது தேகத்தின் உத்தரவினால் வரும் இரண்டாம் மூப்பு. முதல் மூப்புக்கு நம் தேசத்தில் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை: உத்தியோகங்களில் ஒதுக்கீடு, தொழில் தொடங்கக் கடன், பிள்ளைகளின் படிப்புக்கு உபகாரச் சம்பளம், 1986-இல் தமிழ்நாட்டரசு நிறுவிய டெக்ஸ்கோ கழகத்தின் மூலம் காவற்பணி. இரண்டாம் மூப்புக்கு இருப்பது ஒரு மருத்துவ அட்டையும், ஆண்டுக்கு ஒருமுறை தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் கடமையுமே. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது, இதில் எது நன்று, எது குறை என்பதை, இப்படிப்பட்ட மனிதர்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் வாழ்பவன் என்ற ஒரே உரிமையைக் கொண்டு, இங்கே ஆராயப் புகுகிறேன்.

வண்டலூரை வெளியூரார் மிருகக்காட்சிசாலையைக் கொண்டு அறிவர். 1985-இல் அது சென்னைக்குள்ளிருந்து இங்கே பெயர்ந்து வந்ததுமுதல் அப்பெயர் நிலைத்துவிட்டது. அண்மையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் அந்தப் பெருமையில் பங்கு கேட்கிறது. ஆயினும் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே இறங்கி, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர், முடிச்சூர் என்று பரவிக்கிடக்கும் மனைப்பிரிவுகளின் குறுக்குத் தெருக்களில் நடப்பவர், வாசற்கதவின் பலகையில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சுபேதார், ஹவில்தார், சார்ஜெண்ட், எக்ஸ் ஐ.ஏ.எப். என்ற சொற்களை அடிக்கடி காண்பார். இவர்களில் அநேகர் இம்மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர்பெற்ற கம்மவான்பேட்டையைத் தன்னகத்தே கொண்ட வேலூர்ப் பக்கத்தார் சிலர். தேனி, இராமநாதபுரம், திருநெல்வேலிக்காரர்கள் சிலர். பென்ஷனை விற்றுப் பெற்ற கம்யூடேஷன் பணத்தைக் கொண்டு அரை கிரவுண்டு வாங்க எண்ணியபோது, தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் ராணுவ ஆஸ்பத்திரியும் இருக்கின்றன, கேன்டீன் இருக்கிறது, இவற்றையெல்லாம் கோத்துக்கொண்டு எலெக்ட்ரிக் ரயில் ஓடுகிறது என்று கணக்குப் போட்டு வந்து குடியேறியவர்கள். நாற்பது வயதில் போட்ட அந்தக் கணக்கு பிசகில்லாதது. எண்பது வயதில் எலெக்ட்ரிக் ரயிலின் படி எவ்வளவு உயரம் என்பது மட்டும் அதில் சேர்க்கப்படவில்லை.

போரில் மாண்டவனுக்குச் செய்யவேண்டியது இன்னதென்பதில் தமிழ்நாட்டுக்கு எக்காலத்திலும் ஐயம் இருந்ததில்லை. அவனுக்கு நடுகல் நாட்டினார்கள். அவன் குடும்பத்துக்கு நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் பெயரிட்டு, சிந்திய குருதிக்கு ஈடாக நிலம் விட்டார்கள். கல்வெட்டுகளில் காணும் இந்த மானியமே நம் நாட்டின் ஆதி குடும்பப் பென்ஷன் என்று சொன்னால் தவறாகாது. மீண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து கிழவனானவனுக்கு இப்படி ஒரு தனிப்பெயரோடு கூடிய மானியம் என் கண்ணில் பட்டதில்லை. நம் பக்கத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலை ஒன்று பதினைந்து படுக்கைகளோடு நடந்தது. வைத்தியர் இன்னார், அறுவை செய்பவர் இன்னார், ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகள் இவையிவை என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். அது படைவீரருக்காக ஏற்பட்டதன்று. வேதம் ஓதிய மாணவருக்கும் கோயிற் பணியாளருக்கும் உரியது. ஆனாலும் மருந்து இருப்பை முதலிலேயே எழுதிவைக்கவேண்டும் என்ற அந்த விவேகத்தைப் பின்னால் ஒருமுறை நினைத்துக்கொள்ள நேரும். அதற்காகவே இங்கே குறித்தேன்.

கம்பெனியார் ஆட்சியில் பென்ஷன் முறைப்படி வந்தது. மீர் ஜாபர் விட்டுச்சென்ற ஐந்து லட்ச ரூபாயை மூலதனமாக வைத்து 1770-இல் ராபர்ட் கிளைவ் ஏற்படுத்திய நிதி, அங்கம் இழந்தும் நோயுற்றும் போன கம்பெனிப் படையினருக்கு உதவியது. வங்காள நவாபின் பணம் வெள்ளைச் சிப்பாயின் முதுமைக்குப் பயன்பட்ட விசித்திரத்தை என்னென்பது! பரங்கிமலை சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாகவும், பல்லாவரம் பாளையமாகவும் விளங்கின. இரண்டும் சேர்ந்த கன்டோன்மென்ட் என்ற பெயர் இன்றுவரை வழங்குகிறது. முதல் உலக யுத்தம் முடிந்தபின் 1919-இல் இந்தியச் சிப்பாய்கள் வாரியம் தோன்றிற்று. அதுவே 1975-இல் கேந்திரிய சைனிக் போர்டு என்று பெயர் மாறி, மாநிலங்களிலும் மாவட்டங்களிலும் கிளைகளோடு இன்று நிற்பது. நம் மாநிலத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை என்ற பெயரில், மாவட்டத்துக்கு ஓர் உதவி இயக்குநரைக் கொண்டு அது இயங்குகிறது. டிசம்பர் 7-ஆம் நாள் சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் கொடி 1949 முதல் இந்த வேலைகளுக்குப் பணம் திரட்டுகிறது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். ஒரு விஷயத்தை இன்றைய இளைஞர் அறியார்: பென்ஷன் வாங்கிய சிப்பாய்க்கு நெடுங்காலம் முழுமையான மருத்துவ உரிமை என்று ஒன்று இருக்கவில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் பணியிலிருப்பவர் போக இடம் மிஞ்சினால் படுக்கை கிடைக்கும், மிஞ்சாவிட்டால் கிடையாது. பணியிலிருந்தபோது காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை தவறினால் மேலதிகாரியைக் கேள்வி கேட்கும் அதே ஸ்தாபனம், ஓய்வுபெற்ற மறுநாள் முதல் அவனைத் தயவுக்கு உரியவனாக்கிற்று. 1991-இல் தரைப்படையின் குழு காப்பீட்டு நிறுவனம் மூலமாகப் பெரிய நோய்களுக்கு மட்டும் ஒரு மருத்துவ உதவித் திட்டம் வந்தது. முழுமையான மாறுதல் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்தது: முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், எல்லார் வாயிலும் இ.சி.எச்.எஸ்.

அதன் அமைப்பு எளியது. ஓய்வு பெறும்போது பதவிக்குத் தக்கபடி ஒரே ஒரு தடவை பணம் கட்டவேண்டும். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போர் விதவையருக்கும் அதுவும் இல்லை. வயது வரம்பில்லை; முன்பே இருந்த நோய் என்று தள்ளுவதில்லை; செலவுக்கு உச்சவரம்பில்லை. இந்த மூன்று ‘இல்லை’களையும் சேர்த்துத் தரக்கூடிய தனியார் காப்பீட்டுக் கம்பெனி எதையும் நான் அறியேன். நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட பாலி கிளினிக்குகள், அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளிகள், பட்டியலில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகள். பாலி கிளினிக்கில் மருத்துவர் பார்த்து, மேற்சிகிச்சை வேண்டுமானால் ‘ரெஃபரல்’ எழுதித் தர, அதை எடுத்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் கையிலிருந்து காசு கொடாமல் சிகிச்சை பெறலாம். இதனால் பிழைத்த இருதயங்களையும், மாற்றி வைக்கப்பட்ட முழங்கால்களையும் எங்கள் தெருவிலேயே என்னால் எண்ண முடியும். இத்திட்டத்தைக் குறைகூறுகிறவர்கள் 2003-க்கு முந்திய நிலையை மனத்தில் வைத்துக்கொண்டு கூறுவது நியாயம். இன்னொரு சிறு விஷயம்: பதவிக்குத் தக்கபடி பொது வார்டு, அரைத் தனி வார்டு, தனி அறை என்று படுக்கையிலும் பாகுபாடு உண்டு. ஹவில்தாரும் கர்னலும் ஒரே கத்தியால் அறுக்கப்பட்டு, வெவ்வேறு மாடிகளில் முனகுவார்கள்.

குறைகளைப் பொதுவாகச் சொல்வதைக் காட்டிலும், பாலி கிளினிக்குக்குப் போகும் ஒரு நாளை அருகிலிருந்து பார்ப்பது பிரயோஜனமாகும். எங்கள் தெருக்கோடியில் எண்பதைத் தாண்டிய ஒரு சுபேதார் ஐயா இருக்கிறார். 1965-லும் 1971-லும் போர்முனை கண்டவர். மாத மருந்து தீர்ந்துபோகும் நாளுக்கு முந்திய இரவு, கட்டிலின் மேல் ஒரு துண்டை விரித்து, சாமான்களை வரிசையாகப் பரப்புவார்: அட்டை, அதன் நகல் இரண்டு, ஆதார் நகல், போன மாதச் சீட்டு, கடைசியாகத் தின்ற மாத்திரைகளின் வெற்றுப் பட்டைகள் ஒவ்வொன்றிலிருந்தும் பெயர் தெரியும்படி கத்தரித்த துண்டு. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, கால்சியம் என்று இடமிருந்து வலமாக, விளிம்பு பிசகாமல் இருக்கும். பாரக்கில் படுக்கையின்மேல் கிட் பரப்பி இன்ஸ்பெக்‌ஷனுக்கு நின்ற பழக்கம் அறுபது ஆண்டாகியும் கைவிட்டுப் போகவில்லை. “நாளைக்கு இவங்களுக்கு பெரேடு,” என்பார் அவர் மனைவி, அடுப்பங்கரையிலிருந்து.

காலை ஐந்தரைக்கு எழுந்து, முகம் மழித்து, பாலிஷ் போட்ட பூட்ஸ் அணிந்து கிளம்புவார். வண்டலூரிலிருந்து தாம்பரத்துக்கு ரயிலில் இரண்டே நிலையம். ஆனால் நடைமேம்பாலம் ஏறமுடியாமல் போனபிறகு ஆட்டோதான், போக ஒன்று வர ஒன்று. டோக்கன், பதிவு, மருத்துவர், பிறகு மருந்துச் சாளரம். எழுதின எட்டு மருந்தில் ஐந்து இருக்கும். மூன்றுக்கு எதிரே ‘என்.ஏ.’, அதாவது இருப்பில்லை, என்று குறிப்பார்கள். அவற்றை வெளியே வாங்கிக்கொண்டு பில்லைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறலாம் என்று விதி இருக்கிறது. ஒரு மாதம் நான் அவருக்குத் துணையாகப் போனபோது, அந்த விதியைப் பற்றிக் கேட்டேன். “இருக்குது தம்பி. முந்நூறு ரூபா மருந்துக்கு நானூறு ரூபா ஆட்டோ கொடுத்து ரெண்டு தடவை வந்து பேப்பர் குடுக்கணும். விதியும் சரி, நானும் சரி, கணக்குத்தான் உதைக்குது,” என்றார். இது இந்த ஒரு பாலி கிளினிக்கின் குறை மட்டும் அன்று. தேசமெங்கும் இக்குறை உண்டென்பதை, மருந்துத் தட்டுப்பாட்டையும் தனியார் ஆஸ்பத்திரிகளின் கட்டணப் பட்டியல்களில் கண்ட முறைகேடுகளையும் சேர்த்து, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2015-ஆம் ஆண்டு அறிக்கையே எடுத்துரைத்தது. திருமுக்கூடல் கல்வெட்டை நான் நினைத்துக்கொண்ட இடம் இதுதான்.

இக்குறைகளுக்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அன்று. பாலி கிளினிக்கின் மருத்துவர் முதல் மருந்தாளர் வரை ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்படுபவர்கள்; அனுபவம் முதிர்வதற்குள் ஆள் மாறிவிடுவதுண்டு. தனியார் ஆஸ்பத்திரிகளுக்குத் தரவேண்டிய பணம் தாமதப்படும்போது, அவர்கள் இந்த அட்டையைக் கண்டால் ‘படுக்கை இல்லை’ என்று முகம் திருப்புகிறார்கள். திட்டம் தொடங்கியபின் பயனாளிகளின் எண்ணிக்கையும் அவர்களின் வயதும் சேர்ந்தே ஏறிவந்தன. 1971-இல் இருபது வயதாயிருந்தவருக்கு இன்று எழுபத்தைந்து. ஒரு திட்டம் மூப்படைவதற்கு அதன் அங்கத்தினர் மூப்படைவதே போதும்.

படைவீரரின் முதுமை மற்றவர் முதுமையிலிருந்து எவ்விதத்தில் வேறு என்பதையும் சற்றுச் சிந்திக்கவேண்டும். பீரங்கிப் படையில் இருந்தவர்க்கும், விமான எஞ்சின்களின் அருகே வாலிபத்தைக் கழித்த விமானப்படைத் தொழிலாளர்க்கும் காது முன்னமே போய்விடுகிறது. தாம்பரத்தின் முன்னாள் விமானப்படையினர் இருவர் பேசிக்கொள்வதைத் தெருவே கேட்கும். பாரம் சுமந்து மலை ஏறியவர்க்கு முழங்காலும் முதுகும். 1984-க்குப்பின் சியாச்சின் போனவர்க்குப் பனி கொண்டுபோன விரல்களும் மூச்சும். கேன்டீன் சரக்கையும் சொல்லவேண்டும். அதன் பொருட்டுத் தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கெங்கோ இருந்து உறவினர் வந்து ‘சௌக்கியமா மாமா’ என்று விசாரிப்பது வேடிக்கை. விற்காமலும் வழங்காமலும் தாமே குடித்துத் தீர்த்தவர்களின் ஈரல் வேடிக்கையன்று. இதைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

வாய் திறக்காத விஷயம் இன்னொன்று உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையில் தமிழர்களும் இருந்தார்கள்; தங்கள் மொழியையே பேசிய ஊர்களில், தங்கள் மொழியையே பேசியவர்களோடு போரிட நேர்ந்தவர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே மாண்டனர். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த முடிவு சரியா தவறா என்ற வாதம் வேறு. இங்கே நான் நினைப்பது கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த தமிழ்ச் சிப்பாயை. 1971-இல் போனவன் டாக்காவைப் பற்றிப் பேரனுக்குக் கதை சொல்லலாம். கார்கில் போனவனைப் பள்ளிக்கூட விழாவுக்கு அழைப்பார்கள். யாழ்ப்பாணம் போனவன் என்ன சொல்வான்? யாரிடம் சொல்வான்? எனக்குத் தெரிந்த ஒருவர், அந்த ஆண்டுகள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் “சவுத்ல” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். அவர் மனைவி, இரவில் அவர் இரண்டு மூன்று தடவை எழுந்து வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கு மாதந்தோறும் மாத்திரை கொடுக்கிற மருத்துவமுறை, அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி இதுவரை ஒருமுறையும் அவரைக் கேட்டதில்லை. மனநோய் மருத்துவம் திட்டத்தில் இல்லாமல் இல்லை. கேட்கும் வழக்கம் இல்லை, சொல்லும் வழக்கமும் இல்லை.

பணத்தைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர்கள் இருக்கிறார்கள். ஒரே பதவி, ஒரே சேவைக்காலம், ஆனால் ஓய்வு பெற்ற ஆண்டைப் பொறுத்து வெவ்வேறு பென்ஷன் என்ற அநீதி, 2015 ஜூன் முதல் தில்லி ஜந்தர் மந்தரில் கிழவர்கள் பதக்கங்களோடு உட்கார்ந்தபிறகே அசைந்து, ‘ஒரே பதவி ஒரே பென்ஷன்’ என்ற பெயரில் 2014 ஜூலை 1-ஐக் கணக்குநாளாகக் கொண்டு ஓரளவு தீர்ந்தது. ஆண்டுதோறும் சமன் செய்யவேண்டும் என்ற அவர்கள் வாதத்தை உச்சநீதிமன்றம் 2022 மார்ச்சில் ஏற்காமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற அரசின் முறையையே நிலைநிறுத்திற்று. எண்பது வயதானால் பென்ஷனில் நூற்றுக்கு 20, எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50, நூறு வயதில் 100 என்று கூடுதல் தருகிற விதி, முதுமையை முதுமையாகவே அங்கீகரித்த அபூர்வமான விதி. அதை எழுதியவரை வாழ்த்தவேண்டும்.

பென்ஷனே இல்லாதவர் கதை வேறு. பதினைந்து ஆண்டு முடியாமல் வெளிவந்த சிப்பாய்க்குப் பொதுவாகச் சேவைப் பென்ஷன் கிடையாது. இரண்டாம் உலக யுத்தத்துக்காகச் சேர்க்கப்பட்ட இருபத்தைந்து லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் யுத்தம் முடிந்ததும் இப்படித்தான் அனுப்பப்பட்டனர். 1962-இல் சீனப் போர் கண்ட திகைப்பில், அவசரமாக அதிகாரிகளைத் தயார்செய்ய 1963-இல் சென்னையில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். இன்று பரங்கிமலையில் இருக்கும் பயிற்சிக் கழகம் அதன் வழிவந்ததே. அவ்வாறு அவசர நியமனம் பெற்று, போரிட்டு, சில ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, 2003-இல் வந்த மருத்துவத் திட்டத்தில் இடமும் இல்லை. 2019 மார்ச்சில்தான் அவர்களையும், உலக யுத்தத்தில் எஞ்சியவர்களையும், குறுகிய கால நியமனம் பெற்றவர்களையும் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ள அரசு சம்மதித்தது. இருபத்தைந்து வயதில் அவசரமாகத் தேவைப்பட்டவருக்கு எண்பது வயதில் நிதானமாக அட்டை வந்தது! பென்ஷன் இல்லாத, அறுபத்தைந்து கடந்த, ஹவில்தார் பதவிக்கு மேற்படாத ஏழைகளுக்கு கேந்திரிய சைனிக் போர்டு தரும் மாத உதவி நாலாயிரம் ரூபாயாக இருந்து, 2025-இல் எண்ணாயிரமாக உயர்த்தப்பட்டிருக்கிறது. நல்ல காரியம்.

பிறநாடுகளைப் பார்த்தால், ஆண்டவனுக்குக் கோயில் கட்டுவதுபோல் பழைய சிப்பாய்க்கு மாளிகை கட்டிய மன்னர்கள் ஐரோப்பாவில் உண்டு. பாரிஸில் பதினான்காம் லூயி 1670-இல் தொடங்கியதும், லண்டன் செல்சியில் இரண்டாம் சார்லஸ் 1682-இல் நிறுவியதும் இன்றும் நிற்கின்றன. அவை பார்க்க அழகானவை. நமக்கு வழிகாட்ட மாட்டா. நமக்கு நெருங்கிய பாடம் நேபாளத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் படையில் சேவைசெய்து பென்ஷன் இல்லாமல் திரும்பிய கூர்க்காக் கிழவர்களுக்காக 1969-இல் ஏற்பட்ட கூர்க்கா நல அறக்கட்டளை, பொக்காராவிலும் தரானிலும் முதியோர் இல்லங்கள் நடத்துவதோடு, மலைப்பாதையில் ஆள் அனுப்பி, நடக்கமுடியாதவரின் வீட்டிலேயே பணத்தையும் மருந்தையும் சேர்ப்பிக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை 1970-களின் தொடக்கத்திலேயே மருத்துவரையும் தாதியையும் வீட்டுக்கு அனுப்பும் முறையைத் தொடங்கி, முதியோர் மருத்துவ ஆராய்ச்சிக்குத் தனி மையங்களும் நிறுவியது. சிப்பாய் கிழவனாவான் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம்.

நம்மிடம் இந்த ஞானம் இல்லையென்று சொல்லமுடியாது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்றே புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது 1978-இல்; கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டது. அதைவிட நம் விஷயத்துக்கு நெருங்கியது, 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு ஒரு பெண் சுகாதாரப் பணியாளர் வாசலுக்கே வருகிறார். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. ஆகவே எங்கள் தெருவில் ஒரு வேடிக்கையான காட்சி உண்டு: வாழ்நாளில் எந்தத் திட்டத்துக்கும் ஒரு காசு கட்டாத எதிர்வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை வாசலில் வந்து இறங்குகிறது, பங்களிப்புத் திட்டத்தின் அங்கத்தினரான சுபேதார் ஐயா அதே மாத்திரைக்கு நானூறு ரூபாய் ஆட்டோவில் தாம்பரம் போகிறார். அவரும் அந்தப் பணியாளரிடம் கேட்டு வாங்கலாம், தடையொன்றும் இல்லை. “நம்ம டிபார்ட்மென்ட் இருக்கும்போது அடுத்த டிபார்ட்மென்ட் ரேஷன வாங்கறதா?” என்பது அவர் கட்சி. மத்திய அரசின் பாலி கிளினிக்கும் மாநில அரசின் சுகாதாரப் பணியாளரும் ஒரே நோயாளியின் ஒரே சீட்டைப் பார்த்து வேலை செய்வதற்கு ஓர் ஒப்பந்தம் போதும். புதிய கட்டடம் ஒன்றும் வேண்டியதில்லை. பாலி கிளினிக்குகளைப் பெருக்குவதைக் காட்டிலும் இது முதலில் நடக்கவேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-இல் காஷ்மீரில் வீழ்ந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. நடுகல் நாட்டும் குணம் நம்மிடம் இன்னும் உயிரோடிருக்கிறது. முன்னாள் படைவீரர் தினமோ, ஜெனரல் கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற ஜனவரி 14-ஆம் தேதி என்று வைத்துவிட்டார்கள்; தமிழ்நாட்டில் அன்று போகியோ பொங்கலோ ஆகையால், கரும்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அது வந்ததும் போனதும் தெரிவதில்லை. இனி மூப்படையப்போகிறவர்களையும் நினைக்கவேண்டும்: 2022-இல் வந்த அக்னிபத் முறையில் நாலாண்டுச் சேவை முடித்து வெளிவருவோர்க்குப் பென்ஷனும் கிடையாது, இந்த மருத்துவத் திட்டமும் கிடையாது. அவர்களுடைய இரண்டாம் மூப்புக்கு நாற்பது ஐம்பது ஆண்டு அவகாசம் இருக்கிறது. 1963-இல் பயிற்சிப் பள்ளி திறந்தபோதும் இப்படித்தான் அவகாசம் இருந்தது.

கடைசியாக, ஒருவரும் அதிகம் பேசாத மனிதரைப் பற்றி: அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்த அந்த அம்மாள். பெரும்பாலும் கணவரைவிட வயதில் இளையவர். ஆகவே இத்திட்டங்களின் கடைசிப் பயனாளி அவரே. கணவர் மூப்படைந்து காலமானால், கடைசிச் சம்பளத்தில் பாதியாக இருந்த பென்ஷன், சாதாரணக் குடும்பப் பென்ஷனாகி நூற்றுக்கு முப்பது பங்குக்கு இறங்கும். அதுவும் வரவேண்டுமானால், பட்டாளத்து ஏட்டில் மனைவியின் பெயர் சரியாக இருக்கவேண்டும். இருப்பதில்லை. ஐம்பது ஆண்டுக்கு முன் எங்கோ வடக்கே ஒரு ரெக்கார்ட் ஆபீசில், தமிழ் தெரியாத ஒரு குமாஸ்தா எழுதிய ஏட்டில் ‘லச்சுமி’, ஆதாரில் ‘லட்சுமி’, வங்கியில் கணவர் பெயரைத் தலையெழுத்தாகக் கொண்ட ‘க. லட்சுமி’, வாக்காளர் பட்டியலில் தகப்பனார் பெயரோடு வேறொன்று. நான்கு பெண்களும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க, கணவனை இழந்த கிழவி நோட்டரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் அலைவதை நான் பார்த்திருக்கிறேன். பிறந்த தேதி ஏட்டில் ஏறாமலே போன பெண்கள் பலர். அதனால் எண்பது வயதில் குடும்பப் பென்ஷனுக்கும் உண்டான அந்த இருபது விழுக்காடு, எண்பது ஆனதற்கு அத்தாட்சி இல்லையென்று நின்றுபோகிறது. பென்ஷன் இப்பொழுது ‘ஸ்பர்ஷ்’ என்ற கணினி முறைக்கு மாறியிருக்கிறது. கணினிக்கு லச்சுமியும் லட்சுமியும் இரண்டு பேர்.

இதைத் திருத்தும் வழி கணவர் உயிரோடிருக்கையில் மிகச் சுலபம்: அவர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால், குடும்ப விவரங்களைப் பதியும் ‘பார்ட் டூ ஆர்டர்’ திருத்தப்பட்டு, பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.விலும் ஏறும். அவர் போனபின் அதே காரியம் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகையால் இதை வாசிப்பவரில், வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பட்டாளத்துப் பெரியவர் ஒருவர் உள்ளவர்கள், நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போகும்போது, அவர் கோப்பிலிருந்து பி.பி.ஓ.வை எடுத்து, அதில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கின்றனவா, ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.